அலமாரியின் மேல்தட்டில் ஐந்து ஆண்டுகள்: ஒரு ராஸ்பெரி பையுடன் வாழ்ந்த அனுபவம்

2020-ன் இறுதியில், கல்லூரியில் சேர்ந்த புதிதில், ராஸ்பெரி பை 4 ஒன்றை வாங்கினேன். நான்கு ஜி.பி. நினைவகம் கொண்டது. அதே பலகை இன்றும் எங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைச் சுற்றியிருந்த மின் அடாப்டர், மெமரி கார்டு, ஹார்ட் டிஸ்க், பெட்டி, கேபிள் அத்தனையும் இந்த ஐந்து ஆண்டுகளில் ஒருமுறையாவது மாறிவிட்டன. பலகை மட்டும் மாறவில்லை.

வாங்கிய வாரத்தில் எழுதப்பட்ட அனுபவக் குறிப்புகளைப் படித்துவிட்டுத்தான் நானும் வாங்கினேன். அவற்றில் பொய் எதுவும் இல்லை. ஆனால் முதல் வாரத்தில் எல்லாமே வேலை செய்யும். எது எப்போது பழுதாகிறது, பழுதானால் நம்மிடம் சொல்கிறதா, சொல்லாமல் இருந்துவிடுகிறதா என்பதெல்லாம் இரண்டாம், மூன்றாம் ஆண்டில்தான் தெரியவரும். இவற்றில் கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியம். நான் பட்ட ஒவ்வொரு துன்பத்திலும், பழுது வந்ததைவிட அது சத்தமில்லாமல் வந்ததே அதிகத் தீங்கு செய்தது.

அறிமுகம் இல்லாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ராஸ்பெரி பை என்பது ஏ.டி.எம். அட்டையின் நீள அகலமே கொண்ட ஒரு முழுக் கணினி. பிள்ளைகள் நிரல் எழுதிப் பழக வேண்டும் என்ற நோக்கத்தோடு பிரிட்டனில் உருவாகி, 2012-ல் முதல் பலகை வெளிவந்தது. நான்காம் தலைமுறை வந்தது 2019 ஜூனில். அதற்கு முந்தைய பலகைகளில் வலைத்தொடர்பும் யூ.எஸ்.பி.யும் ஒரே குறுகிய பாதையில் நெருக்கியடித்துக்கொண்டு போயின. நான்காம் பலகையில் முழு வேக கிகாபிட் ஈதர்நெட்டும் (கம்பிவழி வலைத்தொடர்பு) இரண்டு யூ.எஸ்.பி. 3 இணைப்புகளும் வந்தபிறகுதான் இதை வீட்டுச் சர்வராக, அதாவது மற்றக் கருவிகளுக்கு எப்போதும் சேவை தரும் கணினியாக, வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் பலருக்கு வந்தது. எனக்கும் அப்படித்தான்.

எங்கள் வீட்டில் அதற்கு நான்கு வேலைகள். பை-ஹோல் என்ற மென்பொருள் மூலம் வீட்டுக் கருவிகள் அனைத்துக்கும் விளம்பரங்களைத் தடுப்பது; குடும்பப் புகைப்படங்களைச் சேர்த்து வைப்பது; வெளியே இருக்கும்போது வீட்டுக் கோப்புகளைப் பாதுகாப்பாக எடுக்க வழி தருவது; நான்காவதாக, பாட்டியின் குரலைக் காப்பது. 2019-ல் ஒரு நீண்ட விடுமுறை முழுவதும் பாட்டி எங்களுக்குக் கதை சொன்னார். நான் கைப்பேசியில் பதிவு செய்தேன். மொத்தம் 212 ஒலிப்பதிவுகள். பாட்டி 2021-ல் காலமானார். அதன்பின் அந்தச் சிறிய பெட்டி எங்கள் வீட்டில் வேறொரு மதிப்பைப் பெற்றுவிட்டது.

முதலில் மின்சாரம். இதில்தான் பெரும்பாலானோர் முதலில் தடுக்கி விழுகிறார்கள். வீட்டில் கைப்பேசி சார்ஜர் நிறைய இருந்ததால் அதில் ஒன்றையே செருகினேன். 5 வோல்ட், 2 ஆம்பியர். பலகை உடனே உயிர்பெற்றது. மூன்று வாரம் எல்லாம் நன்றாகவே நடந்தன. ஆனால் பெரிய கோப்புகளை நகல் எடுக்கும்போது மட்டும் வேகம் திடீரென்று பாதியாகும். சில இரவுகளில் வெளி வட்டு தானாகத் துண்டித்துக்கொண்டு மீண்டும் வரும். நான் வட்டைச் சந்தேகித்தேன், கேபிளை மாற்றினேன், மென்பொருளை இரண்டுமுறை அழித்து நிறுவினேன்.

ஒருநாள் தற்செயலாக அதைத் தொலைக்காட்சியில் இணைத்துப் பார்த்தேன். திரையின் வலது மூலையில் மஞ்சள் நிறத்தில் ஒரு சிறிய மின்னல் குறி. சில நொடிகள் இருந்தது, மறைந்தது. ஒரு கோப்பை நகலெடுக்கத் தொடங்கினேன், மீண்டும் வந்தது. மின்னழுத்தம் ஏறத்தாழ 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பலகை காட்டும் எச்சரிக்கை அது. மூன்று வாரமாக அது அந்த மின்னலைக் காட்டிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. பார்க்கத்தான் திரை இல்லை.

திரை இல்லாமல் ஓடும் பலகையிடமும் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு கட்டளை உண்டு. பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில் ஓர் எண்ணைத் திருப்பித் தரும். பூஜ்யம் என்றால் நலம். எனக்கு வந்தது 50005. கடைசி 5-க்கு இந்த நொடியில் மின்னழுத்தம் போதவில்லை, அதனால் வேகமும் குறைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். முன்னால் உள்ள 5-க்கு, கடைசியாக இயங்கத் தொடங்கியதிலிருந்து எப்போதோ ஒருமுறையேனும் இதே குறை நடந்திருக்கிறது என்று பொருள். இந்த இரண்டாவது 5 எனக்கு மிகவும் பிடித்துப்போனது. இப்போது சரியாக இருந்தாலும் நடந்ததை மறக்காமல் வைத்திருந்து, கேட்டால் சொல்கிறது. இந்தப் பலகைக்கென்றே விற்கப்படும் 5.1 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டரை வாங்கிப் போட்ட நாளிலிருந்து எண் பூஜ்யத்திலேயே நிற்கிறது. நீங்கள் வாங்கினால் பலகையோடு அதையும் சேர்த்தே வாங்குங்கள். இதில் மிச்சம் பிடிப்பதற்கு ஒன்றுமில்லை.

அடுத்தது மெமரி கார்டு. பத்து மாதத்தில் போனது. அது போன விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஒரு மாலையில், தேவையில்லாத ஒரு கோப்பை அழித்தேன். அழிந்தது. பலகையை அணைத்து மீண்டும் இயக்கினேன். அழித்த கோப்பு அதே இடத்தில் இருந்தது. மறுபடி அழித்தேன், மறுபடி இயக்கினேன், மறுபடி இருந்தது. ஒரு புதிய கோப்பை உருவாக்கி அதில் என் பெயரை எழுதிச் சேமித்தேன். திறந்து பார்த்தால் பெயர் இருந்தது. மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் கொடுத்தபோது அப்படி ஒரு கோப்பே இல்லை. கார்டு எழுதும் திறனை இழந்துவிட்டது. ஆனால் எழுதச் சொன்னால் எழுதிவிட்டதாகவே பதில் தருகிறது. நான் பார்த்தது பலகையின் நினைவகத்தில் தற்காலிகமாக இருந்த படிமத்தை மட்டும்தான். எந்தப் பிழைச் செய்தியும் இல்லை. வட்டு நிலையைப் பார்த்தாலும் குறை எதுவும் தெரியவில்லை. எட்டு நாட்களாகச் செய்த மாற்றங்கள் எதுவும் உண்மையில் சேமிக்கப்படவே இல்லை என்பதை அன்று இரவு ஒவ்வொன்றாகச் சரிபார்த்துத் தெரிந்துகொண்டேன்.

மெமரி கார்டில் இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்தின் ஒவ்வொரு பகுதியையும் இத்தனை முறைதான் அழித்து எழுத முடியும் என்ற வரம்பு உண்டு. சிறிய எழுத்து வேலைகள் ஓயாமல் நடந்தால், அது ஒவ்வொரு முறையும் ஒரு பெரிய பகுதியையே அழித்து எழுத வேண்டியிருப்பதால் தேய்மானம் பல மடங்காகும். என் பலகை எதை அப்படி ஓயாமல் எழுதிக்கொண்டிருந்தது? பலகை தன்னிடம் நடப்பதையெல்லாம் குறித்து வைக்கும் பதிவேட்டைத் திறந்தபோது விடை கிடைத்தது. கல்லூரியிலிருந்து வீட்டுக் கணினியை எட்டுவதற்காக ரூட்டரில் 22-ஆம் எண் வாயிலை வெளி உலகுக்குத் திறந்து வைத்திருந்தேன். உலகின் எங்கெங்கோ இருந்து தானியங்கி நிரல்கள் நாள் முழுக்க அந்தக் கதவைத் தட்டியிருக்கின்றன. ரூட், அட்மின், பை என்று ஒரு பெயர் மாற்றி ஒரு பெயர், ஒரு கடவுச்சொல் மாற்றி ஒரு கடவுச்சொல். ஒவ்வொரு தோல்வியும் ஒரு வரியாகக் கார்டில் எழுதப்பட்டிருக்கிறது. எவரும் உள்ளே வரவில்லை. இந்தப் பலகையின் பழைய மென்பொருளில் எல்லோருக்கும் ஒரே பயனர் பெயரும் ஒரே கடவுச்சொல்லும் வரும். நான் முதல் நாளே அதை மாற்றியிருந்ததால் தப்பினேன். 2022 ஏப்ரலில் அந்தப் பொதுப் பயனர் பெயரையே நீக்கிவிட்டார்கள். மிக நல்ல முடிவு.

அந்த வாயிலை அன்றே மூடினேன். இப்போது வெளியிலிருந்து வருவதற்கு, மறையாக்கப்பட்ட தனிவழி அமைத்துத் தரும் வயர்கார்டு மட்டும்தான். 2020 மார்ச்சில் லினக்ஸ் இயங்குதளக் கருவின் 5.6 பதிப்பிலேயே சேர்க்கப்பட்டுவிட்ட மென்பொருள் இது. சரியான சாவி இல்லாமல் தட்டினால் பதிலே தராது. அங்கே ஒரு கதவு இருப்பதே தட்டுபவருக்குத் தெரியாது. அதன்பின் பதிவேடு அமைதியாகிவிட்டது.

கார்டுக்குப் பதிலாக யூ.எஸ்.பி. வழியாக ஒரு சிறிய எஸ்.எஸ்.டி. (சுழலும் தட்டு இல்லாத வட்டு) இணைத்து அதிலிருந்தே பலகையை இயக்கத் தொடங்கினேன். வேகம் கண்கூடாகக் கூடியது. ஆனால் அன்றே பலகையின் வைஃபை தடுமாறியது. யூ.எஸ்.பி. 3 இணைப்பு இயங்கும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சல் எழுப்பும் என்பது 2012-லேயே ஆவணப்படுத்தப்பட்ட விஷயம். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையும் புளூடூத்தும் அதே பகுதியில்தான் பேசுகின்றன. எஸ்.எஸ்.டி.யை ஒரு முழ நீளக் கேபிளில் தள்ளி வைத்ததும் பாதி சரியானது. கடைசியில் ஈதர்நெட் கம்பியையே இழுத்துவிட்டேன். சர்வர் என்று வைத்த பிறகு அதற்கு வைஃபை வேண்டாம்.

பை-ஹோல் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த ஐந்து ஆண்டுகளில் வீட்டில் எல்லோரும் மனமாரப் பாராட்டிய ஒரே விஷயம் அதுதான். செய்தித் தளங்கள் சட்டென்று திறக்கின்றன. தொலைக்காட்சி யாரிடமெல்லாம் என்னென்ன சொல்லிக்கொண்டிருந்தது என்பது கணக்கோடு தெரிகிறது. ஒரு தளத்தின் பெயரைக் கேட்டால் அதன் எண் முகவரியைச் சொல்வதுதான் அதன் வேலை; விளம்பரத் தளம் என்றால் சொல்லாது. ஆனால் இதை வைத்த நாளிலிருந்து வீட்டின் இணையத்துக்கு நான் பொறுப்பாளனாகிவிட்டேன். மின்னஞ்சலில் வந்த ஒரு சுட்டி அம்மாவுக்குத் திறக்கவில்லை என்றால் என்னைத்தான் கூப்பிடுவார். பலகையை நான் மறுதொடக்கம் செய்யும் இரண்டு நிமிடங்களுக்கு வீட்டில் எவருக்கும் எந்தத் தளமும் திறக்காது. ரூட்டரில், பெயர் கேட்பதற்கான இரண்டாவது இடமாக ஒரு பொதுச் சேவையைக் கொடுத்து வையுங்கள் என்று சிலர் சொல்வார்கள். கொடுத்துப் பார்த்தேன். கருவிகள் தம் விருப்பத்துக்கு இரண்டில் ஒன்றைக் கேட்கும். விளம்பரங்கள் அந்த இரண்டாவது வழியாக நுழைந்துவிடும்.

இதில் எனக்கு நேர்ந்த பெரிய சங்கடம் ஒன்று. 2022-ல் குடும்பத்தோடு பத்து நாள் வெளியூர் போயிருந்தோம். புறப்படும்போது எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போனோம். திரும்பி வந்து செருகினால் இணையம் இல்லை. ரூட்டர் விளக்கெல்லாம் சரியாக எரிகிறது. பலகையும் ஓடுகிறது. ஆனால் எந்த இணையப் பெயரும் முகவரியாக மாறவில்லை.

தங்கை அறை வாசலில் வந்து நின்றாள். "அண்ணா, நுழைவுத் தேர்வு விண்ணப்பத்தை இன்று இரவு பன்னிரண்டுக்குள் அனுப்ப வேண்டும்."

மணி பத்தரை. முதலில் ரூட்டரில் முகவரியை மாற்றி, பலகையைச் சுற்றிக்கொண்டு போகும்படி செய்தேன். அவள் விண்ணப்பத்தை அனுப்பி முடித்தபின் பொறுமையாக உட்கார்ந்து பார்த்தேன். பலகை காட்டிய தேதி பத்து நாள் பழையது.

ராஸ்பெரி பை 4-ல் மின்கலத்தோடு கூடிய கடிகாரம் கிடையாது. அணைந்தபோது கடைசியாகக் குறித்து வைத்த நேரத்திலிருந்தே மீண்டும் தொடங்கும். பிறகு இணையத்திலுள்ள நேரச் சர்வரைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும். சாதாரணமாக இதில் தொந்தரவு இல்லை. ஆனால் நான் பை-ஹோலுக்குப் பின்னால் அன்பவுண்ட் என்ற மென்பொருளை வைத்து, ஒவ்வொரு முகவரிப் பதிலின் கையொப்பத்தையும் சரிபார்க்கச் சொல்லியிருந்தேன். அந்தக் கையொப்பங்களுக்கு இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை செல்லும் என்ற கெடு உண்டு. பத்து நாள் பின்தங்கிய கடிகாரத்துக்கு அவை எல்லாம் எதிர்காலத்தில் போடப்பட்ட கையொப்பங்களாகத் தெரிந்தன. அதனால் எல்லாவற்றையும் போலி என்று தள்ளியது. நேரத்தைத் திருத்த நேரச் சர்வரின் பெயரைக் கேட்டால் அந்தப் பதிலையும் போலி என்று தள்ளியது. நேரம் சரியானால்தான் பெயர் கிடைக்கும். பெயர் கிடைத்தால்தான் நேரம் சரியாகும். பூட்டிய பெட்டிக்குள்ளேயே சாவி கிடந்தது.

கையால் தேதியைக் கொடுத்ததும் ஒரு நொடியில் எல்லாம் சரியானது. அடுத்த வாரமே டி.எஸ். 3231 என்ற சிறிய கடிகாரச் சில்லு ஒன்றை வாங்கி, பலகையின் ஊசிகளில் செருகினேன். நாணய வடிவ மின்கலம் ஒன்றில் ஓடும். பத்து லட்சத்தில் இரண்டு பங்கு பிழைக்குள் நிற்கும் என்பது அதன் விவரக்குறிப்பு. அதாவது ஓர் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம். விரல் நுனி அளவு பொருள் அது. இந்தப் பெட்டியில் நான் சேர்த்தவற்றுள் மிகப் பயனுள்ளது எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

இனி பாட்டியின் ஒலிப்பதிவுகளுக்கு வருகிறேன். அவற்றை இடம் மிச்சமாகட்டும் என்று எம்.பி. 3 ஆக மாற்றியிருந்தேன். மாற்றும்போது பதிவான தேதி கோப்பில் ஒட்டவில்லை. ஆகவே எல்லா விவரத்தையும் கோப்பின் பெயரிலேயே தமிழில் எழுதி வைத்தேன்: கதையின் பெயர், எந்த நாள், அருகில் யார் யார் இருந்தார்கள், இடையில் பாட்டி பாடினாரா இல்லையா. மடிக்கணினியில் எல்லாம் சரியாக இருந்தன. ராஸ்பெரி பைக்கு நகலெடுத்தபோது 19 கோப்புகளை, பெயர் மிக நீளம் என்று சொல்லி ஏற்க மறுத்தது.

காரணம் இதுதான். பலகையில் உள்ள கோப்பு முறைமையில் (வட்டில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை) ஒரு பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. ஆங்கிலத்துக்கு அது 255 எழுத்து. கணினி எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோடு முறையில், தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் செலவாகும். "பாட்டி" என்ற சொல் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினிக்கு ஆறு குறிகள். வட்டில் 18 பைட். ஆகமொத்தம் 85 குறிகளோடு பெயர் முடிந்துவிட வேண்டும். மடிக்கணினியின் முறைமை பைட்டை எண்ணாமல் குறிகளை எண்ணுவதால் அங்கே இந்தச் சிக்கல் எழவில்லை. பெயர்களைச் சுருக்கினேன்.

இன்னொன்றும் அப்போது கண்ணில் பட்டது. "சொன்ன" என்று தேடினால் பாதிக் கோப்புகள்தான் வந்தன. ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். வேறொரு கணினியில் நான் பெயரிட்ட கோப்புகளில் இரண்டாம் வடிவம் இருந்தது. எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்றச் சிறிய நிரல் ஒன்றை எழுதினேன். தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்கள் இதை ஒருமுறை சோதித்துக்கொள்வது நல்லது. மறுக்கப்பட்ட 19 கோப்புகள் குரல் கொடுத்ததால் உடனே தெரிந்தன. தேடலில் வராத பாதி, வராமலே இருந்துவிட்டிருக்கும்.

2023 மார்ச்சில் நடந்ததை இன்றும் மனம் கலங்காமல் எழுத முடியவில்லை.

அப்போது பலகையோடு இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள் இருந்தன. முதல் வட்டில் புகைப்படங்களும் பாட்டியின் பதிவுகளும். இரண்டாவது வட்டில் அவற்றின் நகல். தினமும் இரவு இரண்டு மணிக்கு ஆர்சிங்க் என்ற நிரல் முதல் வட்டைப் பார்த்து இரண்டாவதை அதேபோல் ஆக்கும். முதலாவதில் அழித்ததை இரண்டாவதிலும் அழிக்கும் விருப்பத்தேர்வையும் சேர்த்திருந்தேன். இன்னொரு சிறிய மாற்றமும் செய்திருந்தேன். ஒருமுறை வட்டுக் கேபிள் தளர்ந்திருந்ததால் பலகை இயங்கவே மறுத்துப் பாதியில் நின்றுவிட்டது. அதனால் வட்டு இல்லையென்றாலும் பரவாயில்லை, தொடர்ந்து இயங்கு என்று அமைப்பில் எழுதி வைத்தேன். அன்று அது நியாயமான திருத்தமாகவே தெரிந்தது.

ஒரு செவ்வாய் இரவு மின்வெட்டு. மின்சாரம் திரும்பியபோது முதல் வட்டு எழவில்லை. அது அன்று இறந்துவிட்டது. பலகை நான் சொன்னபடியே அதைப் பொருட்படுத்தாமல் இயங்கியது. வட்டு பொருத்தப்பட வேண்டிய கோப்புறை வெறுமையாக இருந்தது. இரவு இரண்டு மணிக்கு ஆர்சிங்க் வந்தது. முதல் இடத்தில் எதுவும் இல்லை, ஆகவே இரண்டாம் இடத்திலும் எதுவும் இருக்கக் கூடாது என்று அழித்தது. பதிவேட்டில் பிழை எதுவும் இல்லை. வேலை வெற்றிகரமாக முடிந்தது என்று ஒரு வரி.

சனிக்கிழமை அம்மா ஒரு பழைய புகைப்படம் கேட்டார். திறந்தேன். வெறுமை. கேபிளைத் தொட்டேன், மீண்டும் இயக்கினேன். முதல் வட்டிலிருந்து சீரான இடைவெளியில் 'டக், டக்' என்ற ஓசை மட்டும் வந்தது. சரி, நகல் இருக்கிறதே என்று இரண்டாவதைத் திறந்தேன். அம்மா அருகிலேயே நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பாட்டி குரலுமா?" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

ஒன்றை மட்டும் அன்று சரியாகச் செய்தேன். இரண்டாவது வட்டை உடனே கழற்றினேன். அதில் ஒரு பைட்டைக்கூட எழுதவில்லை. ஹார்ட் டிஸ்க்கில் ஒரு கோப்பை அழித்தால் அதன் முகவரி மட்டும்தான் போகும். அதன்மேல் வேறொன்று எழுதப்படும்வரை உள்ளடக்கம் அங்கேயே கிடக்கும். நான்கு இரவுகளாக ஆர்சிங்க் ஓடியிருந்தாலும் முதல் இடம் வெறுமையாக இருந்ததால் புதிதாக எதையும் எழுதவில்லை. அதுவே காப்பாற்றியது. எஸ்.எஸ்.டி.யாக இருந்திருந்தால், அழித்த இடத்தை அதுவே உள்ளுக்குள் சுத்தம் செய்துவிட்டிருக்க வாய்ப்பு மிக அதிகம்.

ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை அந்த வட்டில் ஓடவிட்டேன். அது கோப்பு முறைமையை நம்பாமல் வட்டை முதலிலிருந்து கடைசிவரை படித்து, படத்தின் தொடக்கம் இப்படி இருக்கும், ஒலியின் தொடக்கம் இப்படி இருக்கும் என்ற அடையாளங்களைக் கொண்டு கோப்புகளை மீட்கும். ஒன்றரை நாள் ஓடியது. பெரும்பாலான புகைப்படங்கள் வந்துவிட்டன. எடுத்த தேதி படத்துக்குள்ளேயே இருப்பதால் அவற்றை ஒரு நிரல் கொண்டு வரிசைப்படுத்திவிட முடிந்தது. ஒலிப்பதிவுகளில் 212-க்கு 203 வந்தன. ஆனால் இந்த முறையில் கோப்பின் பெயர் திரும்பாது. நான் பார்த்துப் பார்த்துத் தமிழில் எழுதி, நீளம் குறைத்து, ஒகரம் திருத்திய பெயர்கள் போய், ஒவ்வொன்றும் ஓர் ஆங்கில எழுத்தும் நீண்ட ஓர் எண்ணுமாக வந்து நின்றது.

அதன்பிறகு அமைப்பை முழுவதும் மாற்றினேன். வட்டில் ஓர் அடையாளக் கோப்பை வைத்திருக்கிறேன். அது கண்ணில் பட்டால்தான் நகலெடுக்கும் வேலை தொடங்கும். ஒரே ஓட்டத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் நிரல் அழிக்காது. இந்தக் கட்டுப்பாடு ஆர்சிங்கிலேயே இருக்கிறது, நான்தான் அதுவரை பயன்படுத்தவில்லை. நகல் என்றால் நேற்றைய நிலை மட்டும் போதாது என்பதால் முப்பது நாட்களின் நிலைகளைத் தனித்தனியாக வைக்கிறேன். மூன்றாவது நகல் சித்தப்பா வீட்டில் இருக்கும் ஒரு வட்டில், மாதம் ஒருமுறை. மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறிடத்தில் என்ற 3-2-1 விதியை அதற்கு முன்பும் பலமுறை படித்திருக்கிறேன்.

எனக்கு எல்லாவற்றிலும் நிறைவு தருவது வேறொன்று. தினமும் காலை ஆறு மணிக்குப் பலகை என் கைப்பேசிக்கு ஒரு செய்தி அனுப்புகிறது. இரண்டு வட்டும் இருக்கின்றனவா, எத்தனை கோப்புகள், நேற்றைக்கும் இன்றைக்கும் எத்தனை வித்தியாசம், மின்னழுத்த எண் என்ன, வெப்பம் எவ்வளவு. ஐந்தே வரி. பிழை நேர்ந்தால் மட்டும் தகவல் அனுப்பும்படி வைத்தால், அனுப்பும் பொறுப்பில் இருப்பதே பழுதாகும்போது ஒன்றும் வராது. எல்லாம் நலம் என்பதையும் அது தினமும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். செய்தி வராத நாளே எனக்கு எச்சரிக்கை. இதுவரை மூன்று நாட்கள் வரவில்லை. மூன்றிலும் உண்மையாகவே ஏதோ ஒரு சிறு குறை இருந்தது.

நல்லவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். எஸ்.எஸ்.டி.யோடு சும்மா இருக்கும்போது ஏறத்தாழ 5 வாட்தான் எடுக்கிறது. ஆண்டு முழுவதும் ஓடினாலும் 44 யூனிட் அளவில் முடிந்துவிடும். உலோகப் பெட்டியே வெப்பத்தை உறிஞ்சி வெளியேற்றும் வகையைப் பொருத்தியதால் விசிறி இல்லை, ஓசை இல்லை. 80 டிகிரியைத் தொட்டால் பலகை தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பிளாஸ்டிக் பெட்டியில் கோடைக்காலத்தில் தொட்டிருக்கிறது, உலோகப் பெட்டியில் 60-ஐத் தாண்டியதில்லை. மென்பொருள் ஆதரவு அருமை. இரண்டு முறை பெரிய பதிப்பு மாற்றம் செய்தேன். இரண்டு முறையும் பழையதன்மேல் ஏற்றாமல் புதிதாகவே நிறுவினேன், ஒரு மாலையில் முடிந்தது. பலகை ஐந்து ஆண்டுகளில் ஒருமுறைகூடப் பழுதாகவில்லை என்பதையும் மறக்காமல் சொல்ல வேண்டும்.

யாருக்குப் பரிந்துரைப்பேன்? வலைப்பின்னல், லினக்ஸ், நேரம், பெயர், கோப்பு எல்லாம் எப்படி நடக்கின்றன என்று கையை விட்டுப் பார்த்துக் கற்க ஆசைப்படுபவருக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். வகுப்பில் நான்கு ஆண்டுகள் படித்ததைவிட இந்தப் பெட்டியிடம் அதிகம் கற்றேன். குடும்பப் புகைப்படங்களைப் பத்திரப்படுத்த மட்டும் வேண்டும் என்றால், வீட்டில் சும்மா கிடக்கும் பழைய மடிக்கணினி இதைவிட நல்லது. அதில் திரை இருக்கிறது, விசைப்பலகை இருக்கிறது, கடிகாரம் இருக்கிறது, மின்வெட்டைத் தாங்கும் மின்கலமும் இருக்கிறது. நான் ஒவ்வொன்றாகப் பட்டுச் சேர்த்தவை அதில் தொடக்கத்திலேயே உண்டு. 2023-ல் வந்த ராஸ்பெரி பை 5-ல் கடிகாரமும் அணைப்புப் பொத்தானும் சேர்க்கப்பட்டுவிட்டன. கடிகாரத்துக்கான மின்கலத்தை மட்டும் தனியாக வாங்கிச் செருக வேண்டும். புதிதாக வாங்குபவர்கள் அதையே வாங்கலாம். நான் மாற்றப்போவதில்லை.

மீட்ட 203 பதிவுகளில் இன்னும் 41-க்குப் பெயர் வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் தங்கையும் அலமாரிக்குக் கீழே உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்கிறோம். சென்ற வாரம் கேட்டதில் பாட்டி கதையைப் பாதியில் நிறுத்திவிட்டு, "அது ஓடுகிறதா, இல்லையா? சரியாகப் பார்" என்று என்னிடம் கேட்கிறார். ஓடுகிறது பாட்டி, என்று பதினெட்டு வயதுக்கு முந்தைய என் குரல் சொல்கிறது. தங்கை அதை நிறுத்தி, 85 குறிகளுக்குள் அடங்கும்படி ஒரு பெயர் எழுதிச் சேமித்தாள்.